தரைக்குக் கீழே மூன்று தரை

அமுதவள்ளி சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். மலையாளத்து விருச்சிக மாதம், நம் கார்த்திகை, பிறந்துவிட்டால் கொச்சி மட்டாஞ்சேரியில் பாதி வீடுகளில் இந்த வேலை உண்டு. காயலில் கடல் பொங்கி ஏற்றம் வரும்போது உப்புத்தண்ணீர் ஓடை வழியாகத் தெருவுக்கு ஏறும். சுவர் அதை உறிஞ்சும். காய்ந்ததும் அரிசிமாவு தூவிய மாதிரி உப்பு பூக்கும். பழைய பெயின்ட் டப்பா மூடியால் அவள் அதைச் சுரண்ட, கீழே வைத்திருந்த முறத்தில் பொலபொலவென்று விழுந்தது. மற்ற நாட்களில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு மூலையோடு நிறுத்திக்கொள்வாள். இன்றைக்கு நாலு சுவரையும் முடித்துவிட்டுப் பாட்டுகூட முனகினாள்.

“கல்யாண வீடு மாதிரி இருக்கு,” என்றான் அவள் கணவன் ஒச்சப்பன், தேநீர் டம்ளரோடு.

“கல்யாணம்தான். நீங்க வாயத் தொறக்காம இருந்தா நல்லபடியா முடியும்.”

“நான் என்னத்தத் தொறந்தேன்?”

“போன தடவ அந்த ஆசாரிகிட்ட மல்லுக்கு நின்னது யாரு? வாங்கறவன் கூட்டிட்டு வந்த ஆள், ஏதோ கன்னிமூலை சரியில்லன்னு சொல்லிட்டுப் போறான். ஒங்களுக்கென்ன?”

“மூலை மட்டம் போட்டது நானு. சரியில்லன்னா கேட்டுட்டு நிக்கணுமா?”

அந்த வீட்டின் ஒவ்வொரு செங்கல்லையும் வைத்தவன் ஒச்சப்பன். உசிலம்பட்டிப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்து, கொத்தனாராகி, கையகல மனை வாங்கிக் கட்டியது. அமுதவள்ளிக்குக் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. பஜார் ரோட்டில் மிளகு, சுக்கு கிடங்குகளுக்கு முன்னால் பெருக்குவாள். மகள் ஸாதனா கோழிக்கோட்டில் நர்ஸ். வீட்டில் இப்போது இவர்கள் இரண்டு பேரும் உப்பும்தான்.

வாங்க வந்தவன் சுஜித். கலூர்க்காரன். கோயம்புத்தூரில் சில வருடம் வேலை பார்த்ததால் தமிழ் வரும். வெளிநாட்டுப் பயணிகளைத் தங்கவைக்கும் விடுதியாக இந்த வீட்டை மாற்றுவது அவன் திட்டம். விலையை முதல் நாளே ஒத்துக்கொண்டான். பேரமே பேசவில்லை. அதுதான் வினையாகிப்போனது. பேரம் பேசுகிறவனிடம் பேசி முடிக்கலாம். இவன் முடிக்கிற ஆளே இல்லை. ஒருமுறை டேப்போடு வந்து அளந்தான். ஒருமுறை வாஸ்து ஆசாரியோடு வந்தான். இன்னொரு முறை எல்லாக் குழாயையும் திறந்துவிட்டு, சப்தத்தைக் கேட்டுக்கொண்டு கண்மூடி உட்கார்ந்திருந்தான். வேண்டாம் என்று ஒருபோதும் சொன்னதில்லை. வேண்டும் என்றும் சொன்னதில்லை. போகும்போது, “நோக்கட்டே சேச்சி,” என்பான், பார்க்கலாம் அக்கா என்று. அவ்வளவுதான்.

அமுதவள்ளிக்கோ பொறுக்கவில்லை. பள்ளுருத்தியில் பிச்சைமணி என்பவரின் மாடிவீட்டை அவள் பார்த்து வைத்திருந்தாள். பார்க்கப் போனபோது அந்த அடுக்களையில் செருப்பைக் கழற்றிவிட்டு இங்குமங்கும் நடந்தாள். உள்ளங்காலில் ஈரம் ஒட்டவில்லை. அன்றிலிருந்து பஜார் ரோட்டில் துடைப்பம் பிடிக்கும்போதெல்லாம், அந்த அடுக்களையில் மாவு டப்பாவை எங்கே வைப்பது, மிக்ஸியை எங்கே வைப்பது என்று மனசுக்குள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். நேற்று பிச்சைமணி போன் செய்திருந்தார். “நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சொல்லிரு தாயி. வைப்பின்ல ஒரு பார்ட்டி அட்வான்ஸ் தாரோம்னு நிக்கிறாங்க. ஒனக்காகத்தான் பிடிச்சு வச்சிருக்கேன்.”

இந்த வீடு விற்றால்தான் அந்த வீடு. சுஜித் இன்று சொன்னால்தான் உண்டு.

அவன் வேண்டுமென்றே ஏற்றம் வரும் காலையைத் தேர்ந்தெடுத்திருந்தான். தெருவில் கணுக்காலளவு தண்ணீர் நிற்க, ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சளப் சளப்பென்று வந்தான். பின்னால் அவன் மனைவி அம்பிளி, செருப்பைக் கையில் பிடித்தபடி. உள்ளே நுழையும்போது நிலையின் மேல்கட்டையில் நெற்றியை இடித்துக்கொண்டான். வரும்போதெல்லாம் இதே கதைதான்.

“அய்யோ சாரே, குனிஞ்சு வரணும்,” என்றாள் அமுதவள்ளி.

“எல்லா பிராவசியமும் மறந்து போகுது சேச்சி.”

அந்த வீட்டில் எல்லாமே கொஞ்சம் பூமிக்கு நெருக்கம். ஸ்விட்ச் முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கும். ஜன்னல் விளிம்பில் உட்காரலாம். ஒச்சப்பன் நிமிர்ந்து சட்டை போட்டால் கை மின்விசிறிக்குப் போகும். தண்ணீர் உள்ளே வர ஆரம்பிக்கும்போதெல்லாம் அவன் தரையை உயர்த்திவிடுவான். கூரையை உயர்த்துவதற்கு மட்டும் கைக்கு வசதி வரவில்லை.

சுஜித் நேராகத் தரையைப் பார்த்தான். “உள்ளே வெள்ளம் இல்ல.”

“அதான் சொன்னேனே. தெருவுல வரும். வீட்டுக்குள்ள வராது,” என்றாள் அமுதவள்ளி. அது உண்மை. கடைசியாக வெள்ளை டைல் போட்டபின் ஒரு சொட்டு ஏறியதில்லை.

சுஜித் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் குதிகாலால் தரையைத் தட்டிப் பார்த்தான். அடுக்களை வாசல் பக்கம் நகர்ந்து மறுபடியும் தட்டினான். காதைக் கீழே வைத்தான். “சேச்சி, தப்பா நினைக்க வேண்டாம். இங்க சத்தம் வேற மாதிரி. உள்ள பொள்ள, காலி. சும்மா மணல் கொட்டி மேல டைல் ஒட்டின மாதிரி.”

அமுதவள்ளி கணவனைப் பார்த்தாள். கண்ணாலேயே கும்பிட்டாள்.

ஒச்சப்பன் டம்ளரை ஜன்னலில் வைத்தான். “யாரு மணல் கொட்டினது?”

“சேட்டன் கோபப்படாதீங்க. ஒரு சம்சயம் தானே.”

“சம்சயம் எதுக்கு? பாத்துருவோம்.”

“ஏங்க, வேணாங்க. ஏங்க...”

அவன் ஏற்கெனவே பின்கட்டுக்குப் போயிருந்தான். சுத்தியலும் உளியும் கடப்பாறையுமாகத் திரும்பினான். வீட்டை விற்கிறவன் வாங்க வந்தவனுக்கு முன்னால் தன் தரையை உடைப்பானா? ஒச்சப்பன் உடைத்தான். முதல் அடியில் டைல் பிளந்தது. அமுதவள்ளிக்குப் பள்ளுருத்தி அடுக்களையே பிளந்தது போலிருந்தது. அம்பிளி வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டினாள். சில்லுகள் பறந்தன. டைலுக்குக் கீழே இறுகிய ஜல்லி. கடப்பாறை விழும்போது கை அதிர்ந்தது.

“எங்க மணல்? காட்டுங்க சாரே. எங்க மணல்?”

“மதி சேட்டா, போதும். விசுவாசமாச்சு.”

“நீங்க விசுவாசப்பட்டா போதுமா? முழுசாப் பாத்துட்டுப் போங்க.”

ஜல்லிக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு சிமென்ட் தரை வந்தது. ஒச்சப்பன் ஆவேசத்தில் அதையும் உடைத்தான். இன்னும் கீழே, சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக உடைந்த டைல் துண்டுகளைப் பதித்த தரை எட்டிப்பார்த்தது.

அமுதவள்ளி தன்னையறியாமல் குனிந்தாள். “ஏங்க, இது ஸாதனா நடை பழகின தரைல்ல?”

“ஆமா. ஒரு பங்களாவுல மிஞ்சின சில்லுன்னு கோணியில கொண்டாந்தேன். அதுல ஒன்னு குத்தி நீ என்னைய ஏசாத ஏச்சா?”

“பின்ன, முனையத் தேய்க்காமப் பதிச்சா?”

“தேய்ச்சேன். அந்த ஒன்னு விட்டுப்போச்சு.”

அதையும் பிளந்தான். முழங்கையளவு ஆழத்தில் சிவப்பு ஆக்சைடு தரை தெரிந்தது. அமுதவள்ளி கல்யாணமாகி வந்த புதிதில் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்த தரை. அது விரிசல் விட்டுக் கிடந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த விரிசலில் ஒரு மினுமினுப்பு வந்தது. நூல் மாதிரி கசிந்து, பிறகு குழியின் அடியில் ஒரு கரண்டித் தண்ணீராகத் தேங்கியது.

அம்பிளி விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். “உப்பு,” என்றாள்.

ஒச்சப்பன் முகம் செத்துப்போயிற்று. கடப்பாறையைச் சுவரில் சாய்த்துவிட்டு, “இதுக்கு மேல ஏறாது. மேல மூணு தளம் இருக்கு,” என்றான், தனக்கே சொல்வது போல. எவர் முகத்தையும் பார்க்காமல் பின்கட்டுக்குப் போய் சிமென்ட் குழைக்க ஆரம்பித்தான்.

அமுதவள்ளியின் போன் அடித்தது. பிச்சைமணி. எடுத்தால் என்ன சொல்வது? கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

சுஜித் குப்புறப் படுத்துக் குழிக்குள் செல்போன் வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தான். “அம்பிளி, இவிட நோக்கு. ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு. நோக்கு நோக்கு.” சட்டையெல்லாம் சிமென்ட் தூசி. எழுந்தபோது சின்னப்பையன் மாதிரி இருந்தான். “சேச்சி, இதை மூடவே கூடாது.”

“என்னது?”

“மேல ஒரு கண்ணாடி. உள்ள ஒரு லைட். ஒவ்வொரு தரையும் தெரியணும், அடியில காயல் தெரியணும். வர்ற வெள்ளைக்கார சாயிப்பு இதுக்குன்னே வருவான். வேற எந்த ஹோம்ஸ்டேயிலயும் இது இல்ல.”

“வேற வீட்டுல யாரும் இப்படி உடைச்சுக் காட்டமாட்டாங்க,” என்று அம்பிளி மலையாளத்தில் சொல்லிச் சிரித்தாள்.

அமுதவள்ளிக்குச் சிரிப்பு வரவில்லை. “அப்ப வீடு?”

“வீடு எடுத்தாச்சு சேச்சி. அட்வான்ஸ் இப்பவே போனில் போடறேன். ஒரு கண்டிஷன், குழி இப்படியே இருக்கணும்.”

அப்போதுதான் ஒச்சப்பன் குழைத்த கலவைச் சட்டியோடு, கரண்டியோடு உள்ளே வந்தான். “நகருங்க சாரே. மூடிருவோம்.”

“மூட வேண்டாம் சேட்டா.”

“மூடாம எப்படி? கொத்தன் போட்ட ஓட்டைய கொத்தன் மூடணும். நாளைக்கு வர்றவன் பாத்து, எவன்டா கொறையா விட்டுட்டுப் போனவன்னு கேப்பான்.”

“ஏங்க,” என்றாள் அமுதவள்ளி, இரண்டு கைகளாலும் அவன் சட்டியைப் பிடித்துக்கொண்டு. “அவருக்கு ஓட்டைதாங்க வேணுமாம். ஓட்டை இருந்தாத்தான் வீடு. வீடு போனாத்தான் பள்ளுருத்தி. புரியுதா? இந்த ஒரு தடவ கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க.”

“ஓட்டைக்கா காசு குடுக்கிறாரு?”

“எதுக்குக் குடுத்தா என்னங்க?”

போன் மறுபடியும் அடித்தது. இந்த முறை அவள் உடனே எடுத்தாள். “அண்ணே, நாங்கதான். வைப்பின்காரங்கள அனுப்பிருங்க. ஆமா, முடிஞ்சிருச்சு. இந்தா, அட்வான்ஸ் வந்துக்கிட்டே இருக்கு.” குரல் தெருவுக்கே கேட்டது. ஒரு கையால் போன், மறுகையால் முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்தாள். “அடுக்களை அலமாரிய மட்டும் கழட்டிறாதீங்கண்ணே, அது எனக்கு வேணும்.”

சுஜித் குழிக்குள் கை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அம்பிளி பக்கத்தில் நின்று, வெளிச்சத்தை இன்னும் சாய்த்துப் பிடிக்கச் சொன்னாள்.

“அப்ப ஓரத்தையாச்சும் பூசிவிடட்டா?” என்று கேட்டான் ஒச்சப்பன். “டைல் முனை கால கிழிச்சிரும்.”

அமுதவள்ளி அலமாரியின் அளவைப் பிச்சைமணியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். சுஜித் திரும்பவில்லை. ஒச்சப்பன் கரண்டியால் சட்டியைக் கிளறிப் பார்த்தான். கலவை இறுக ஆரம்பித்திருந்தது. சட்டியைத் தூக்கிக்கொண்டு, தலையைக் குனிந்து, பின்கட்டு வாசல் வழியாக வெளியே போனான்.