சொல்லாமல் இறங்கிய வீடு

கொரோனா வந்த அந்த வசந்தத்தில் மொன்றியலில் எங்கள் பல்கலைக்கழகத்தில் எல்லோருக்கும் திடீரென்று இரக்கம் பொங்கியது. அதிகமாகப் பொங்கியது என் தோழிக்கு. பள்ளிக்கூடத்திலிருந்து என்னோடு படித்தவள், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, உளவியல் மாணவி. வாராவாரம் கணினித் திரையில் மாணவர்களைக் கூட்டி 'உணர்வு நுண்ணறிவு' என்று வகுப்பெடுத்தாள். யாராவது அழுதால் தலையைச் சாய்த்துக் கேட்பாள். அந்தச் சாய்ந்த தலையை நம்பித்தான் நானும் வாயைத் திறந்தேன்.

அப்பா ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்குகிறவர். நோய் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. அம்மா கோட்-டெ-நெய்ஜில் எங்கள் வீட்டு அறைக்குள் காய்ச்சலோடு கிடந்தார். தாதி ஒருவர் அப்பாவைக் கைபேசியில் காட்டியபோது பார்த்தது நான் மட்டும். "என்னை வீட்டை கூட்டிக்கொண்டு போ பிள்ளை, எனக்குப் பயமாக் கிடக்கு" என்று அப்பா அழுதார். அன்று இரவே போய்விட்டார்.

"அப்பா என்ன சொன்னவர்?" அம்மா மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"ஒண்டும் சொல்லேல்லையம்மா. சிரிச்ச முகமா நித்திரை கொண்டவர்."

அதைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா படுக்கையை விட்டு எழும்பினார். உண்மை தோழிக்கு மட்டும் தெரியும். "ஒருத்தருக்கும் சொல்லாதையடி" என்றேன். "ஓமடி, உன்ர வலி எனக்கு விளங்குது" என்றாள்.

விளங்கியதை மேடையேற்றினாள். அவளுடைய வகுப்புகளுக்குப் பரிசு கிடைத்தது. அவள் பேசிய ஏற்புரையில் என் அப்பா மறுபடியும் அழுதார். அது போதாதென்று எங்கள் சனத்துக்காக அதையே தமிழிலும் பேசிக் காணொளியாக விட்டாள். சந்தையில் மரக்கறி இறக்கிய ஒரு தமிழ் அப்பா, தாய்க்குப் பொய் சொன்ன ஒரு மகள். பெயர் சொல்லவில்லையாம்! மொன்றியலில் பெயர் சொல்லித்தானா தெரியவேண்டும்? யாரோ ஒரு புண்ணியவதி அதை அம்மாவின் வாட்ஸ்அப்புக்கே அனுப்பிவைத்தார்.

அம்மா என்னைத் திட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் எதைச் சொன்னாலும் "உண்மையோ?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றால் உண்மையோ. பஸ் பிந்திவிட்டது என்றால் உண்மையோ. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தோழியின் கழுத்தைத் திருக வேண்டும் போலிருக்கும். அவளோ, "கதைச்சாத்தானடி ஆறும், உனக்கும் நல்லதுதானே" என்று செய்தி அனுப்பினாள். நான் சந்தர்ப்பம் வரட்டும் என்று இருந்தேன்.

போன கோடையில் வந்தது. செயின்ட்-மிஷேலில் அவர்கள் வாங்கிய வீட்டுக்குக் குடிபூரல். "கூப்பிட்டா போகத்தான் வேணும்" என்று அம்மா சேலை கட்டினார். பால் பொங்கியது, படம் எடுத்தார்கள், தோழி என் கையைப் பிடித்துத் தலையைச் சாய்த்தாள். நான் கையை விடுவித்து வடையை எடுத்துத் தின்றேன்.

எங்கள் ஆட்கள் செத்தவீட்டிலிருந்து மட்டும்தான் "போட்டு வாறன்" என்று சொல்லாமல் எழும்பி வருவார்கள். மற்ற எந்த வீட்டிலும் அதைச் சொல்லாமல் வாசல் தாண்டக் கூடாது. புதுமனையில் அப்படிப் போவதை நினைக்கவே கூடாது. அம்மா குசினியில் தோழியின் தாயோடு நின்ற நேரம் பார்த்து நான் சப்பாத்தைப் போட்டேன். வழியனுப்ப வந்த தோழி அந்தச் சொல்லுக்காகக் காத்து நின்றாள். அவளை நன்றாக ஒருமுறை பார்த்துவிட்டு நான் படியிறங்கினேன்.

"போட்டு வாறன் எண்டு சொல்லிட்டுப் போவனடி!" அவள் படிவரை ஓடிவந்தாள்.

நான் திரும்பவில்லை. அன்று அந்த வீட்டில் பரிமாறிய பாயசம்கூட அவ்வளவு இனிக்கவில்லை.

அம்மா பின்னால் வந்து பஸ் தரிப்பில் என்னோடு சேர்ந்துகொண்டார்.

"அந்தப் பெட்டையிட்டைப் போட்டு வாறன் எண்டு சொன்னனியோ?"

அம்மாவிடம் நல்ல ஏச்சு விழும் என்று தெரியும். இருந்தும் இன்னொரு பொய் சொல்ல மனம் வரவில்லை.

"இல்லையம்மா."

அவர் "உண்மையோ?" என்று கேட்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார்.

"நானும் அவளின்ர தாயிட்டைச் சொல்லேல்லை" என்றார்.