சந்தனம் வைத்த ரெக்கோடர்

வீச்... வீச்...

கசட்டை வேகமாக ஓடவிட்டால் நஸ்ரீனாக்காவின் "ம்ம்ம்" அப்படித்தான் கேட்கும், பசித்த பூனைக்குட்டி மாதிரி. அது காதில் விழுந்ததும் விரலை எடுத்துவிடுவேன். அடுத்த பாடம் அங்கேதான் தொடங்கும்.

கண் தெரிந்த நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. ரெக்கோடரில் ஓடுகிற எண்ணைப் பார்த்து நான் பாடத்தைத் தேட முடியாது. அதனால் ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னால் நீளமாக ஒரு "ம்ம்ம்" போட்டுவிட்டு வாசிப்பது நஸ்ரீனாக்காவின் கண்டுபிடிப்பு.

அலவத்துகொடை ஊர்க்காரி. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஏ/எல் பரீட்சை முடித்துவிட்டு, சனிக்கிழமைகளில் கண்டிக்குக் கம்ப்யூட்டர் கிளாஸ் வருவார். திரும்பிப் போகிற வழியில் மஹய்யாவையில் பஸ்ஸை விட்டு இறங்கி, எங்கள் வீட்டில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, என் ஓ/எல் பரீட்சைப் புத்தகங்களை வாசித்துப் பதிந்து தருவார். வேறு யார் வாசிப்பது? அப்பா முனிசிபல் வேலை முடிந்து களைத்து வருவார். அம்மாவுக்கு எழுத்து தெரியாது.

சும்மாவும் வாசிக்க மாட்டார். "இந்தப் படத்தில ஒரு ராஜா இருக்காரு கலா... மூஞ்சப் பாத்தா வயித்துவலிக்காரர் மாதிரி" என்று நடுவில் சொல்லிவிட்டுப் போவார். பரீட்சையில் எனக்காக எழுதுகிறவரிடம் அதையும் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயம்!

ரெக்கோடரின் பட்டன்கள் ஒரே வரிசையில் ஒரே மாதிரி இருக்கும். அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து, பாட்டுக் கேட்கிற பட்டனில் ஒட்டியதும் நஸ்ரீனாக்காதான். விரலில் பொட்டு தட்டுப்பட்டால் அழுத்து, அவ்வளவுதான். தான் பொட்டு வைத்துவிட்ட ஒரே ஆள் இந்த மெஷின்தான் என்று சிரிப்பார்.

அந்த வருஷம் சரஸ்வதி பூசை வந்தது. எல்லாப் பிள்ளைகளும் புத்தகம் வைக்கிறார்கள், என் புத்தகம் இதுதானே என்று அம்மா ரெக்கோடரைக் கொண்டுபோய்ச் சாமிக்கு முன்னால் வைத்தார். வைப்பதற்கு முன் ஈரத்துணியால் நன்றாகத் துடைத்தார். பிறகு சந்தனம், குங்குமம். எந்த இடத்தில் வைப்பது என்று பார்த்திருக்கிறார்... வரிசையில் ஒரு பட்டன் மட்டும் சிவப்பாக, மங்களகரமாக இருந்திருக்கிறது.

விஜயதசமி காலையில் கொஞ்சமாவது படிக்க வேண்டும் அல்லவா? இயர்போனை மாட்டினேன். விரலில் மேடு தட்டுப்பட்டது, அழுத்தினேன். சத்தமே இல்லை. கசட் தொடக்கத்தில் வெறுமையாக இருக்கும்தானே என்று காத்திருந்தேன். அதற்குள் அம்மா கூப்பிட, ஓடவிட்டபடியே எழுந்து போய்விட்டேன்.

திரும்பி வந்து போட்டுக் கேட்டால்... பூசை மணி, குக்கர் விசில், "கலா, கடலை ஆறிப்போகுது" என்று அம்மாவின் குரல். அதிலிருந்த வரலாற்றுப் பாடம் அழிந்துவிட்டது. காய்ந்த சந்தனம் ஒட்டியிருந்தது பதிகிற பட்டனில். நஸ்ரீனாக்கா ஒட்டிய பொட்டு துணியோடு போயிருந்தது.

எனக்கு மிகக் கஷ்டமான பாடம் அது. ஓ/எல் வாசலில் நிற்கிறது. நஸ்ரீனாக்காவுக்கோ மறுநாள் கல்யாணம், அதோடு மாப்பிள்ளையுடன் கட்டார் நாட்டுக்குப் போகிறார். நான் அழுதுகொண்டே இருந்தேன். அம்மா சேலை மாற்றுகிற சத்தம் கேட்டது.

"கெளம்பு. புத்தகத்தையும் ரெக்கோடரையும் எடுத்துக்க."

கல்யாண வீட்டுக்குப் போய்ப் பாடம் வாசிக்கச் சொல்வதா என்று எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அம்மா கேட்கவில்லை. அலவத்துகொடை வழியாகப் போகிற மாத்தளை பஸ்ஸில் ஏறிவிட்டோம்.

அலவத்துகொடை வீடு முழுக்க நெய் வாசம், பெண்களின் சிரிப்பு. அம்மா நடந்ததைச் சொன்னார். நஸ்ரீனாக்கா முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகுதான் சிக்கல் தெரிந்தது. இரண்டு கையிலும் ஈர மருதாணி.

"பக்கம் திருப்ப ஏலாது ஆன்ட்டி. நீங்க திருப்பினா நான் வாசிக்கிறேன்."

"எனக்கு எழுத்து தெரியாதேம்மா... எங்க முடியுதுன்னு எப்புடிக் கண்டுபிடிக்க?"

"நான் 'ம்'ண்டு சொல்றேன். திருப்புங்க."

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். அவர் வாசித்தார். "ம்"... அம்மாவின் வளையல் சத்தம், தாள் புரளும் சத்தம். மறுபடி "ம்"... வளையல். வெளியே மணப்பெண்ணை யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. அம்மா பாடப்புத்தகம் ஒன்றைக் கையில் ஏந்தி உட்கார்ந்தது வாழ்நாளிலேயே அன்றைக்குத்தான்.

வேடிக்கை என்னவென்றால், என் கசட்டுகளிலேயே சிறந்தது அதுதான். மற்றவற்றில் பாடத்தைத்தான் தேடலாம். இதில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பூனைக்குட்டி! வரலாறு பாஸானேன்.

இப்போது கண்டியில் ஓர் ஒபிஸில் டெலிபோன் ஒபரேட்டராக இருக்கிறேன். என் போன் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்கிறது. புத்தகத்தைப் படம் பிடித்தால் தானே வாசிக்கிறது. எந்தப் பக்கத்துக்கும் ஒரு தட்டில் போகலாம். வசதிக்குக் குறைவே இல்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எந்த ராஜாவுக்கு வயிற்றுவலி என்று அது சொல்வதில்லை. சரஸ்வதி பூசைக்கு அதையும் அம்மா வைக்கிறார். பட்டனே இல்லாததில் சந்தனம் எங்கே வைப்பது என்று என்னைக் கேட்ட பிறகுதான் தொடுவார்.

போன கிழமை நஸ்ரீனாக்காவிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஸ்பீக்கரில் போட்டேன். மகளின் படிப்பு, கட்டார் வெயில் என்று பேசிக்கொண்டே போனவர், ஏதோ யோசித்து நடுவில் நின்றார்.

"ம்..."

பக்கத்தில் வளையல் சத்தம் கேட்டது.

என்னம்மா என்றேன்.

"ஒண்ணுமில்லடி... பக்கம் திருப்பக் கை போயிருச்சு."