செவலைக்குத் தெரிந்த வாசல்

இன்று என் மாட்டாஸ்பத்திரியில் மிரண்டு துள்ளிய ஒரு காளையை, வளர்த்தவர் தன் வியர்வைத் துண்டை முகரக் கொடுத்தே அடக்கிவிட்டார். அந்த வாடையில், இப்போது கல்யாண மண்டபமாகிவிட்ட எங்கள் ஊர்க் களத்துமேடு, வைக்கோல் தூசியும் கழுத்துமணிச் சத்தமுமாக எழுந்து வந்தது.

அங்கே என் அப்பா நாக்கை மடக்கிச் சத்தம் கொடுத்தால்தான் பண்ணையாரின் வண்டிக்காளை செவலை நகரும்; செவலை நகர்ந்தால்தான் அதன் ஜோடி மயிலை நகரும். கூலி உயர்வு கேட்டு, வரப்பில் செங்கொடி நட்டு, ஆட்கள் வேலையை நிறுத்திய அறுவடையில், நெல் வண்டியை ஓட்டப் பண்ணையாரே ஏறினார். செவலை படுத்தேவிட்டது. கடைசியில், களத்தில் அப்பா விட்டுப்போன அழுக்குத் துண்டை, எங்கள் ஆட்கள் தன் எதிரில் தோளில் போடவே கூடாத அந்தத் துண்டை, பண்ணையாரே தலையில் கட்டிக்கொண்டார்.

செவலை முகர்ந்தது, எழுந்தது, நடந்தது. பண்ணை வீட்டுக்கு அல்ல. அப்பா தினமும் கழுநீர் காட்டும் எங்கள் வாசலுக்கு. பண்ணையார் ஒருநாளும் கால்வைக்காத தெரு அது.

"வாங்கய்யா, கூலி பேச நீங்களே வந்துட்டீங்களா?" என்றாள் அம்மா. தெருவே சிரித்தது.

மாடுகள் கழுநீர்ப் பானையைக் காலி செய்துவிட்டு அப்பாவையே பார்த்து நின்றன. கூலி பேசி முடியும்வரை அப்பா நாக்கை மடக்கவேயில்லை.