பதினேழு எள்ளு வெல்லப் பொட்டலங்கள்

1999 ஜனவரி 14, மாலை நான்கு மணி. வெயில் அடித்தும் காற்று குளிர்ந்திருந்தது. கன்னடக்காரர்கள் நிறைந்த ஆடுகோடியில் எங்கள் தெருவில், சங்கராந்தியன்று பெண்குழந்தைகள் வீடு வீடாக எள்ளு வெல்லப் பொட்டலம் கொடுத்து, பதிலுக்கு ஒன்று வாங்கி வருவார்கள். என் எட்டு வயதுப் பேத்தி மீனா தானும் போக வேண்டும் என்று அழுதாள்.

அவளுக்குப் பிறவியிலேயே பிரேடர்-வில்லி சிண்ட்ரோம். எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்காது. சமையலறையைப் பூட்டியே வைத்திருப்போம். நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டிய பெண் என்பதால் இந்த நோயைப் பற்றித் தெருவில் யாரிடமும் சொன்னதில்லை.

பதினேழு பொட்டலங்களை எண்ணிக் கொடுத்து அனுப்பினேன். பதிலுக்குப் பதினேழும் பிரிக்கப்படாமல் வந்து சேர்ந்தன. நிம்மதியாக உட்கார்ந்துவிட்டேன்.

ஏழு மணிக்கு அவள் வயிறு பானைபோல் உப்பியிருந்தது. வாந்தி இல்லை, வலி என்றும் சொல்லவில்லை. இந்த நோயுள்ள குழந்தைகளுக்கு இரண்டுமே எளிதில் வராது என்று பிறகு டாக்டர் சொன்னார். எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மாவிடம் ஓடிப்போய்க் கேட்டேன்.

“உங்க பேத்தி பசிக்குதுன்னு நின்னா, தாத்தா. ரெண்டு தட்டு பொங்கல் வெச்சேன். ஹப்ப நாள்ல, பண்டிகையன்னிக்கு, குழந்தைக்கு இல்லேன்னு சொல்றதா?”

மற்ற வீடுகளிலும் அப்படியே கொடுத்திருந்தார்கள்.

அன்றிரவே ஆபரேஷன் செய்து, அளவுமீறி உப்பியதில் அழுகத் தொடங்கியிருந்த இரைப்பையில் கால் பங்கை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும், “தாத்தா, பசிக்குது” என்றாள்.

இப்போது ஒவ்வொரு பண்டிகைக்கும் முந்தின நாள், நானே வீடு வீடாகப் போய் நோயின் பெயரைச் சொல்லி, அவள் கேட்டாலும் கொடுக்காதீர்கள் என்று கும்பிட்டுவிட்டு வருகிறேன். இதை முன்பே சொல்லக் கூச்சப்பட்டதற்கு ஆன செலவு 41,360 ரூபாய்.