செருப்புக்காரர் வீடு

போன வருடம், நான் வேலை பார்க்கும் ஆம்பூர் ஷூ கம்பெனியிலிருந்து பத்து நாள் பயிற்சிக்கு ஸ்பெயின் அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை லீவு. எங்களிடம் ஷூ வாங்கும் கம்பெனிக்காரர் ஒருவர், கத்தலோனியா பகுதியில் இருக்கும் தன் சொந்த ஊரைக் காட்டுகிறேன் என்று கூட்டிக்கொண்டு போனார்.

நூறு வீடு இருந்தால் அதிகம். ஆனால் சுற்றிலும் கோட்டைச் சுவர். வேலூர்க் கோட்டைக்குள் ஒரு மூலையில் அந்த ஊரையே வைத்துவிடலாம். உள்ளே போக ஒரே வாசல்தான். எதிரிகள் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு ஊரே உள்ளே இருக்குமாம். வீடுகளின் பின்சுவர்தான் கோட்டைச் சுவர் என்பதால் இன்றைக்கும் யாரும் அதில் புதிதாக ஜன்னல் வைக்கக் கூடாதாம். சர்ச்சின் மணிக்கூண்டு ஒரு காலத்தில் காவல் கோபுரமாம். நானும் தலையாட்டிக்கொண்டே போட்டோ எடுத்தேன்.

ஒரு சந்தில், ஒரு வீட்டு வாசலின் மேல்கல்லைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. அதில் ஒரு செருப்பின் அடிப்பாகமும் பக்கத்தில் பிறைபோல் வளைந்த கத்தியும் செதுக்கியிருந்தது. அந்தக் கத்தி எனக்குத் தெரியாதா? என் அப்பா காலமெல்லாம் தோல் வெட்டிய கத்தி அது.

முந்நூறு வருடத்துக்கு முன் அங்கே இருந்த செருப்புத் தொழிலாளி, தன் தொழிலைத் தானே வாசலில் செதுக்கி வைத்தாராம். இப்போது இருப்பது ஒரு பல் டாக்டர் குடும்பம். ஆனாலும் வீட்டின் பெயர் இன்றும் 'செருப்புக்காரர் வீடு'தான், தபால்கூட அந்தப் பெயரில்தான் வருகிறதாம். வெளியே வந்த டாக்டர் அம்மா, என் வேலையைக் கேட்டதும் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் ஆள் வீடுதான் இது, வாருங்கள் என்று உள்ளே கூப்பிட்டார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

காரணம் இருக்கிறது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, மகளின் பள்ளிக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று வேலூர் சத்துவாச்சாரியில் வாடகை வீடு தேடினோம். ஒரு வீட்டுக்கார அம்மா காபி எல்லாம் கொடுத்து, "இன்னா வேலை தம்பி?" என்றார்.

"ஆம்பூர்ல ஷூ கம்பெனிம்மா."

"தோல் வேலையா? வேணாம்பா, சாமி கும்புடுற வீடு. தப்பா நெனச்சிக்காத."

சரி என்று எழுந்து வந்தோம். கேட் வரை பின்னாலேயே வந்து அவர் கேட்டதுதான் உச்சம். "எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் ஷூ கம்மி ரேட்ல கெடைக்குமாமே? எங்க பையனுக்கு ஒம்போதாம் நம்பர்."

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். நாங்கள் செய்த ஷூ அவர் பையன் காலுக்கு ஆகுமாம், நாங்கள் வீட்டுக்கு ஆகமாட்டோமாம். ஊருக்கே சோறு போடுகிற தொழில் இது.

ஆனால் நான் மட்டும் என்ன யோக்கியன்? அடுத்த வீட்டில், "எக்ஸ்போர்ட் கம்பெனி சார்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். பக்கத்தில் நின்ற என் மகள், "ஷூ கம்பெனிதானப்பா?" என்று ஆரம்பித்தாள். அவள் கையை இறுக்கி அழுத்தினேன். புரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டாள். எங்களுக்கு வீடும் கிடைத்தது.

ஸ்பெயினிலிருந்து திரும்பிய அன்றே வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். "அதனால இன்னா சார்" என்று சிரித்தார். மாதக் கடைசியில், சொந்தக்காரர்கள் வருகிறார்கள், காலி பண்ணுங்கள் என்றார். அந்த வீடு இன்னும் பூட்டியேதான் கிடக்கிறது.

"வாய வெச்சிக்கினு சும்மா இருந்திருக்கலாம்ல" என்று என் மனைவி திட்டிக்கொண்டேதான் பாத்திரங்களைக் கட்டினாள். இப்போது பள்ளிக்குத் தூரமாக, ஊருக்கு வெளியே கணியம்பாடி பக்கம் இருக்கிறோம். இந்த வீட்டுக்காரர் என்ன வேலை என்று கேட்டபோது மகள் என்னைப் பார்த்தாள். அவள் கை என் கைக்குள்தான் இருந்தது. நான் அழுத்தவில்லை.

"எங்க அப்பா ஷூ செய்றாரு" என்றாள்.

காலையில் கூட்டத்தில் இடிபட்டு அவள் பள்ளிக்கு பஸ் ஏறும்போதெல்லாம் அந்த இரண்டு வீட்டுக்காரர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. அன்றைக்கு அவள் கையை அழுத்தியதை நினைத்தால் அதைவிட ஜாஸ்தியாக என் மேலேயே வருகிறது.