காணாக்கடியும் என் மச்சானும்

போன மாதம் ஒரு சீன வைத்தியரிடம் நாக்கை நீட்டினேன். சும்மா இல்லை... உடம்பெல்லாம் காணாக்கடி! பின்னேரமானால் போதும், முதுகும் கையும் சிவப்புச் சிவப்பாகத் தடித்துவிடும். காலையில் பார்த்தால் சுத்தமாக ஒன்றுமே இருக்காது.

எங்கள் குடும்ப வைத்தியர் ஜீ.பி. மாத்திரை தந்தார். காரணம் பெரும்பாலும் தெரியவராது என்றார். மாத்திரை நித்திரையைத் தந்தது. நான் நித்திரையிலும் சொறிந்தேன்.

“இப்பிடிச் சொறிஞ்சுகொண்டு என்னோட கோயிலுக்கு வரேலாது” என்று மனைவி ரஞ்சி என்னைத் தென் லண்டன் கோலியர்ஸ் வுட்டிலிருக்கும் அந்தச் சீன வைத்தியரிடம் இழுத்துப் போனாள்.

வைத்தியர் நடுத்தர வயதுப் பெண். என்னைவிட நல்ல ஆங்கிலம். நாக்கைப் பார்த்தார். இரண்டு கையிலும் நாடி பிடித்தார். தோலுக்கடியில் காற்றும் சூடும் புகுந்துவிட்டதாம். வந்து வந்து போகிறதே, அதனால் அது காற்றுத்தானாம். நம்மவர்கள் எதற்கெடுத்தாலும் ‘வாய்வு’ என்பார்களே — சீனாவிலும் அதே கட்சி!

நண்டும் இறாலும் கூடாது. அவித்துக் குடிக்க வேர், பட்டை... கூடவே சில்வண்டு கழற்றிப்போட்ட கூடு!

பிறகு கேட்டார்: “யாரோடாவது கோபமா? அடக்கி வைத்தால் சூடு கூடும்.”

“அப்படி ஒன்றுமில்லை” என்று ரஞ்சி முந்திக்கொண்டாள்.

நண்டு போன துக்கமோ என்னவோ, என் வாய் திறந்துவிட்டது. “இவளுடைய தம்பியோடு!”

தம்பி சுதன், வேறு வீடு கிடைக்கும்வரை என்று எங்களோடு தங்க வந்தவன். என் சோபா, என் ரிமோட், போனில் முழுச் சத்தத்தில் அரசியல் விவாதம்... நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன்.

ரயிலேறி எங்கள் ஹரோவுக்குத் திரும்பினோம். வீட்டுக்குள் நுழைந்ததும் ரஞ்சி போட்டு உடைத்தாள்.

“தம்பி, உன்னாலதான் அத்தானுக்குக் கடிக்குதாம்!”

எனக்கு எங்கே ஒளிவது என்று தெரியவில்லை. சுதன் போனை நிறுத்தினான். அவன் முகம்... மலர்ந்தது!

“அத்தான், இதை முதலே சொல்லியிருக்கலாமே! கிழக்கு லண்டனில, பார்க்கிங்கில இருக்கிற சிநேகிதன் ரூம் தாறன் எண்டு எப்பவோ சொல்லிட்டான். வெளிக்கிட்டா நீங்கள் கோவிப்பியள் எண்டுதான் இருந்தனான். உங்கட குறட்டையில எனக்கு நித்திரையே இல்லை!”

ஞாயிற்றுக்கிழமை நானே காரில் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் சிரிப்பு. அவன் வந்ததிலிருந்து நாங்கள் மனம்விட்டுப் பேசியது அன்றுதான்.

இப்போது தடிப்பு இல்லை. மாத்திரையா, சில்வண்டா, பார்க்கிங்கா... யாருக்குத் தெரியும்?

மரியாதை, மரியாதை என்று எத்தனை வீடுகளில் இப்படிச் சிரித்துக்கொண்டே சொறிகிறோமோ!