ஏறிய எடை

காலையில் எடைமெஷினைத் துடைப்பது அவள் கணவனின் வேலை. முன்பு மளிகைக்கடை வைத்திருந்தவன். எடைக்கல்லை வைத்துப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டான். ஈரத்துணியால் துடைத்து, கடையில் மிஞ்சிய ஐந்து கிலோ கல்லை மேலே வைப்பான். எண் சரியாக வந்தால், "உன் முதலாளி இன்னிக்கும் பொய் சொல்லல, கூட்டிட்டுப் போ" என்பான்.

தெருவில் அவளுக்குப் பெயர் தராசக்கா. மருத்துவக் கல்லூரி நடத்தும் ஆராய்ச்சிக்காக வீடு வீடாகப் போய் எடை பார்க்கும் வேலை. கர்ப்பிணிகளுக்கு மாதாமாதம் எவ்வளவு எடை கூடுகிறது, அது தாயையும் பிள்ளையையும் என்ன செய்கிறது என்று பார்க்கிறார்கள். கல்லூரியில் நடப்பது கணக்கு. அவளுக்கு நடப்பது சண்டை. பிள்ளை பெருத்தால் பிரசவம் கஷ்டம் என்று பாதி வீடுகளில் தட்டில் வைப்பதைக் குறைத்துவிடுவார்கள். மீதி வீடுகளில் இரண்டு பேருக்குச் சேர்த்துத் தின்னு என்று திணிப்பார்கள். இரண்டு பக்கமும் கத்தியதில் அவளுக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். பிரஷர் பார்ப்பதெல்லாம் ஆஸ்பத்திரியில். அவள் கையில் இருப்பது ஒரு மெஷினும் ஒரு வாயும்.

மூன்றாவது மாடி வீட்டில்தான் அதிகம் கத்தியிருக்கிறாள். அந்தப் பெண் தையல் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தவள், ஊதினால் பறந்துவிடுவாள். மாமியார் பொல்லாதவள் இல்லை. பிரசவத்தில் தன் வயிற்றில் கத்தி வைத்ததை மறக்காதவள், மருமகளுக்கும் அது வரக்கூடாது என்று சோற்றைக் குறைத்தாள். போன மாதம் தராசக்கா சமையலறை வரைக்கும் போய் நின்று, "அடுத்த தடவை எடை ஏறலேன்னா நான் சும்மா விடமாட்டேன்" என்று மிரட்டிவிட்டு வந்தாள்.

இன்று அந்தப் பெண் மெஷினில் ஏறி நின்றாள். எட்டாவது மாதம். ஒரே மாதத்தில் நாலு கிலோ கூடியிருந்தது. தராசக்கா கையே தட்டிவிட்டாள்.

"பாத்தியா? சொன்னா கேக்கணும்."

"முட்டை நான் வாங்கினது, பால் நான் காய்ச்சினது. பேர் மட்டும் உங்களுக்கா?" என்றாள் மாமியார், முகமெல்லாம் சிரிப்பாக.

மெஷினிலிருந்து இறங்கியவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் தராசக்கா அவள் முகத்தை ஒழுங்காகப் பார்த்தாள். இமை இரண்டும் உப்பிக் கிடந்தன.

"மோதிரம் எங்கம்மா?"

"கழட்டிட்டேன்க்கா. விரல் இறுக்குது."

"தலை வலிக்குதா?"

"நாலு நாளா. கண்ணு முன்னாடி பூச்சி பறக்குற மாதிரியும் இருக்கு."

தராசக்கா குனிந்து அவள் காலில் கட்டைவிரலால் அழுத்தினாள். எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. நிமிர்ந்து மாமியாரிடம் திரும்பினாள்.

"அக்கா, இது சாப்பாட்டுல ஏறின எடை இல்ல. உடம்புல நீர் கட்டியிருக்கு. பிரஷர் ஏறியிருக்கும். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

மாமியாரின் சிரிப்பு பாதியில் நின்றது. "இப்பத்தானே கை தட்டினீங்க?"

"நம்பரைப் பாத்துத் தட்டினேன். இவ முகத்தைப் பாக்கல."

"ஏறலேன்னா திட்டுறீங்க. ஏறினா ஆஸ்பத்திரிங்கிறீங்க. உங்களுக்கு நாங்க என்னதான் பண்ணணும், சொல்லிட்டுப் போங்க."

நியாயமான கேள்வி. அதனால்தான் தராசக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏறுவது வேறு, வீங்குவது வேறு என்று யாராவது முன்பே எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். அந்த யாராவது அவள்தான். எடை, எடை என்று மட்டுமே கத்திவிட்டு வந்திருக்கிறாள்.

கல்லூரி டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "உடனே கூட்டிட்டு வாங்க, நான் வார்டுல சொல்லி வைக்கிறேன்" என்றது குரல்.

"அவங்களும் உங்க ஆளுதானே" என்றாள் மாமியார். "எனக்கும்தான் கால் வீங்குச்சு. பெத்ததும் வடிஞ்சுபோச்சு."

"கால் மட்டும்னா நானும் பேசாம போயிருப்பேன். கை, முகம், தலைவலி, கண்ணு, எல்லாம் சேர்ந்து வருது. வலிப்பு வந்துட்டா ரெண்டு உயிரு போயிடும்க்கா."

"வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு? அங்க போனா கத்தியைத் தூக்கிடுவாங்க. என் மகன் ராத்திரி வரட்டும், ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுப் போகலாம்."

"அதுவரைக்கும் தாங்காது."

"அவன் பொண்டாட்டி, அவன் பிள்ளை. நீங்க யாரு முடிவு பண்ண?"

போன மாதம் இதே வீட்டில் மிரட்டிக் காரியம் சாதித்த வாய்க்கு இன்று மரியாதையே இல்லை.

நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்தாள். வாசலில் கிடந்த தன் செருப்பில் காலை நுழைத்துப் பார்த்தாள். பாதி பாதத்துக்கு மேல் போகவில்லை. அதை உதறிவிட்டுப் பக்கத்தில் கிடந்த புருஷனின் பழைய செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"அத்தை, நீங்க நிக்கிறதே எனக்கு ரெண்டா தெரியுது. நான் போறேன்."

தராசக்கா மெஷினை நடுவீட்டிலேயே விட்டுவிட்டு ஓடிப்போய் அவள் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். அந்தக் கை கனத்தது.

"அவன் வந்து கேட்டா நான் என்னடி சொல்றது?" என்றாள் மாமியார்.

அந்தப் பெண் முதல் படி எங்கே இருக்கிறது என்று காலால் தடவிப் பார்த்து, இறங்கத் தொடங்கினாள்.